சொந்தக்காரர் கேட்க வேண்டிய கேள்வி

லெபு பாசார், ஜார்ஜ்டவுன்
3 ஜூன்

மதிப்புக்குரிய திருமதி சந்திரிகா அவர்களுக்கு,

வணக்கம். வரும் மாநிலத் தேர்தலில் கெலுகோர் பக்கத்துத் தொகுதியில் தாங்கள் சுயேச்சையாக நிற்கப்போவதாக எங்கள் சிறுவணிகர் மன்றம் அறிந்தது. மன்ற உறுப்பினர்களின் கடைகள் மிகுதியாக உள்ள தொகுதி அது. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் அங்கு நிற்பவர்களை அழைத்துப் பேசி, யார் எப்படி என்று உறுப்பினர்களுக்கு எழுதிச் சொல்வது எங்கள் வழக்கம். ஐந்து பேர் கொண்ட குழு கேள்வி கேட்கும். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். பரிந்துரைக்கிறோம், தகுதியுள்ளவர், போதாது என்ற மூன்றில் ஒன்றை முடிவாக எழுதி, உறுப்பினர் கடைகளின் முகப்பில் ஒட்டுவோம்.

தங்களுடைய நேர்காணல் ஜூன் 24, மாலை நான்கு மணிக்கு, மன்றத்தின் மாடி அறையில்.

மதிப்பீடு முடியும் வரை குழுவில் இருப்பவர்கள் வேட்பாளரோடு தொலைபேசியில் பேசவோ, வாட்ஸ்அப் அனுப்பவோ, அவர் வீட்டுக்குப் போகவோ கூடாது. சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் கோப்பில் வைக்கப்படும். குழுவினர் யாரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

இப்படிக்கு,
புவனேஸ்வரன்
செயலாளர்

பி.கு.: அக்கா, இந்த ஞாயிறு சாப்பிட வரமாட்டேன். மதிப்பீடு முடியும் வரை எந்த ஞாயிறும் வர முடியாது. விதி எனக்கும் சேர்த்துத்தான். அதை எழுதியவனே நான்.


கெலுகோர்
9 ஜூன்

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

நேர்காணலுக்கு வருகிறேன். உன் மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்தவளுக்குத் 'தாங்கள்' கொஞ்சம் அதிகம், தம்பி. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேறு யாருக்கோ வந்தது எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நேற்று ஞாயிறு. நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் சந்தையில் கை தானாக இரண்டு பேருக்கு மீன் எடுத்துவிட்டது. கெம்போங் மீன், நல்ல புதிசு. மிச்சத்தைப் பல்கலைக்கழக வாசலில் நாசி லெமாக் சோறு விற்கும் பெண்களுக்குக் கொடுத்தேன். "என்ன அக்கா, ஓட்டுக்குக் கறியா?" என்று சிரித்தார்கள். லஞ்சம் வாங்கியதாக அவர்கள் பேரையும் உன் கோப்பில் எழுதிக்கொள்.

நான் ஏன் நிற்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை. குழு கேட்கும், அங்கே சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது பெண்களை மேய்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கத்து அங்காடிக்காரர்களுக்கு லைசென்ஸ் பாரம் நிரப்பிக் கொடுத்து நகராண்மை அலுவலகத்தில் தேய்ந்த செருப்புகள் எத்தனையோ. வாசலில் நின்று கத்துவதை உள்ளே போய் உட்கார்ந்து கத்தலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

கனி அண்ணே, மன்றத் தலைவர் என்ற முறையில் இந்த நகலை முதலில் படிப்பது நீங்கள்தான் என்று தெரியும். வணக்கம். வீட்டில் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சந்திரிகா


லெபு பாசார்
12 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தைத் தலைவர் முகம்மது கனி தன் துணிக்கடையில் நின்றபடி உரக்கப் படித்தார். வாடிக்கையாளர் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "செயலாளரே, இந்த லெட்டருக்கு மட்டும் தனியா மார்க் போடலாமா?" என்றார். 'தாங்கள்' இனி வேண்டாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. ஆகவே இப்படி எழுதுகிறேன்.

நேற்று குழு கூடியது. நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேட்பாளர் என் கூடப் பிறந்தவள், நான் கேள்வி கேட்பது முறையாகாது என்றேன்.

கனி அண்ணன் கையை ஆட்டினார். "நீ வெளியே போ. அடுத்து நான் போகணும். கட்சி சார்பா நிக்கிற லாயர் இஸ்ஸதி என் மச்சான் மக. மூணாவது ஆளு அக்மல், நம்ம ஜாஹிருக்கு மருமகன். அவரும் போகணும். அப்புறம் யாரு தம்பி கேள்வி கேப்பா, ஃபேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழைய வழக்கத்தை நினைவுபடுத்தினார். எழுதப்பட்ட விதி அல்ல. மன்றம் தொடங்கியவர்கள் வைத்தது. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் சொந்தக்காரரை விலக்கிவைக்க முடியாது. அதனால் முதல் கேள்வியைச் சொந்தக்காரரே கேட்க வேண்டும், இருப்பதில் கடினமானதைக் கேட்க வேண்டும். வேட்பாளரின் பலவீனம் எது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் மறைத்து, பிறகு ஊருக்குத் தெரிந்தால், மன்றத்தின் தாளைக் கடை முகப்பில் யாரும் ஒட்டமாட்டார்கள்.

உன்னிடம் முதல் கேள்வி என்னுடையது. அது எது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது.

ஞாயிறு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி, கடையில் ரப்பர் சாப் முத்திரை வெட்டும் மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். காகிதத்தில் மை ஒட்டிக்கொண்டது. மற்றபடி நலம்.

புவன்


கெலுகோர்
16 ஜூன்

தம்பி,

வழக்கம் நல்ல வழக்கம்தான். கேள். வடிகால், வாகன நிறுத்தம், வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட், எதை வேண்டுமானாலும் கேள்.

தினமும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகிறேன். லிப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. ஒரு வீட்டில் ஒரு அம்மா கதவுக் கம்பி வழியாகத் துண்டறிக்கையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினார்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லமா. தனியா நிக்கிறேன்."

"தனியாவா? வீட்டுலயும் தனியாவா?"

ஆமாம் என்றேன். அவர் கதவைத் திறந்து ஒரு கிளாஸ் சீராப் சர்பத் கொடுத்தார். ஓட்டுப் போடுவதாகச் சொல்லவில்லை. "பாவம் லா, ஒக்காரு" என்றார். இந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான்.

இதையெல்லாம் ஞாயிறு வரைக்கும் சேர்த்துவைத்து உன்னிடம் சொல்வேன். நீ சோற்றைப் பிசைந்தபடி "ம்" என்பாய். அந்த 'ம்' இல்லாமல் வாரம் முடிய மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் என் குரலைக் கேட்டவன் நீ ஒருவன்தான். வானொலியோடு பேசிப் பார்த்தேன். அது நம்மைக் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறேன். எது என்று இங்கே எழுத முடியாது, உனக்கே தெரியும். அது மேசையிலேயே இருக்கட்டும், தம்பி.

அக்கா


கெலுகோர்
25 ஜூன்

புவனேஸ்வரன்,

நேற்று நடந்ததை நானும் எழுதிவைக்கிறேன். உன் கோப்பில் ஒரு பக்கம்தான் இருக்கும், இது மறுபக்கம்.

ஐந்து பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். கனி அண்ணன் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்துப் படித்தாய். என்னிடம் கேட்க உனக்குத் தாள் வேண்டியிருந்தது.

"பெர்த்தில் உள்ள உங்கள் மகள் சுபாஷினியோடு போய் இருக்க, ஆஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டு தங்கும் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?"

"ஆமா."

"அதைத் திரும்பப் பெற்றுவிட்டீர்களா?"

"இல்ல."

"சட்டமன்ற உறுப்பினரின் தவணையும் ஐந்து ஆண்டு. விசா கிடைத்தால் எங்கே இருப்பீர்கள்?"

கனி அண்ணன் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான் "தெரியாது" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். போகமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாய். என் தம்பி முன்னால் பொய் வரவில்லை.

அதற்குப் பிறகு வடிகாலையும் லைசென்சையும் பற்றி நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

மூன்று மாதத்துக்கு முன்பு ரசத்தை ஊற்றிக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னேன். நீ "ம்" என்றாய். அப்பளத்தை உடைத்தாய். வேறு எதுவும் கேட்கவில்லை. அங்கே கேட்காதவன் நேற்று நான்கு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

மதிப்பீடு முடிந்தாலும் இனி ஞாயிறு வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். இதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்.

சந்திரிகா


லெபு பாசார்
27 ஜூன்

அக்கா,

முடிவை எழுத்தில் தெரிவிப்பது செயலாளரின் வேலை. அதனால் எழுதுகிறேன்.

வழக்கறிஞர் இஸ்ஸதி: பரிந்துரைக்கிறோம். திருமதி சந்திரிகா: தகுதியுள்ளவர். திரு. அக்மல்: போதாது.

உன்னைப் பற்றிக் குழு எழுதிய குறிப்பு: "தொகுதியின் அன்றாடச் சிக்கல்களை மற்ற இருவரையும்விட நன்றாக அறிந்தவர். தவணை முழுவதும் இருப்பாரா என்பதற்கு உறுதி தரவில்லை." முதல் வாக்கியத்தை எழுதியவர் கனி அண்ணன். இரண்டாவதை நான் எழுதினேன்.

இஸ்ஸதியிடம் முதல் கேள்வி அவருடையது. "உங்க வாப்பா வீட்டுப் பின்னால ஏத்திக் கட்டினதுக்கு நகராண்மை அனுமதி இருக்காமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "இல்ல மாமா. கேஸ் நடக்குது. இடிக்கச் சொன்னா இடிச்சிருவோம்" என்றாள். அவருக்கும் அன்று இரவு வீட்டில் சோறு இறங்கியிருக்காது.

உன் ஜூன் 16 கடிதத்தைக் குழுவினர் நேர்காணலுக்கு முன்பே படித்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் சொன்ன விஷயம் எது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு நான் வடிகாலைப் பற்றிக் கேட்டிருந்தால், நான் மறைக்கிறேன் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தாளை என் கடை முகப்பிலும் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டினேன்.

புவன்


லெபு பாசார்
9 ஜூலை

அக்கா,

மதிப்பீடு முடிந்த அன்றே விதியும் முடிந்துவிட்டது. நான்கு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய்; அதையும் மீறுகிறேன். இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை.

வாக்கு எண்ணிய பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். வாசலுக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தேன். இஸ்ஸதி வென்றதும் அவர்கள் கொடியோடு ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டம் போன பிறகு நீ வெளியே வந்தாய். உன்னோடு நாசி லெமாக் பெண்கள் இருவர். அவர்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள், நீ சிரித்தாய். பிறகு அவர்களும் போனார்கள். பேருந்து நிறுத்தத்தில் நீ தனியாக நின்றாய். மீதித் துண்டறிக்கைக் கட்டு உன் அக்குளில் இருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பினேன். உன் பக்கம் திருப்பவில்லை. பேருந்து வந்து நீ ஏறும் வரை அப்படியே நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மேசையில் ஏன் கேட்கவில்லை என்று கேட்டாய்.

அந்த ஞாயிறு 'போகிறாயா?' என்று கேட்டிருந்தால் நீ ஆமாம் என்று சொல்லியிருக்கக்கூடும். அதற்குப் பிறகும் தட்டில் சோறு மீதம் இருந்திருக்கும். அதை எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்றத்தில் கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வேட்பாளரைக் கூப்பிடலாம். உன் ஜூன் 16 கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வைத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது என்னைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றிருந்தது.

நீ "தெரியாது" என்றபோது குழு அதைக் குறையாக எடுத்துக்கொண்டது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆமாம் என்று நீ சொல்லவில்லை. அதை அங்கே காட்ட முடியாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவன்


கெலுகோர்
20 ஜூலை

தம்பி,

உன் கடிதத்தைப் பதினொரு நாள் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏன் நின்றேன் என்று குழுவிடம் சொன்னேன் அல்லவா? அங்காடிக்காரர்கள், லைசென்ஸ், வடிகால். எல்லாம் உண்மை. ஆனால் பாதிதான். மீதியை நீ கேட்டிருக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. சொந்தக்காரனுக்கே அது தெரியவில்லை.

சுபா இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். "அங்க யாரும்மா இருக்கா ஒனக்கு?" என்பாள். தம்பி இருக்கான் என்பேன். "மாமா வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டுக்கு வர்றாரு. அதுக்கா?" என்பாள். விண்ணப்பம் போட்டேன். உன்னிடம் சொன்னேன். இரு, போகாதே என்று ஒரு சொல் சொல்வாய் என்று ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீ அப்பளத்தை உடைத்தாய்.

யாரும் இருக்கச் சொல்லாத ஊரில் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அடுத்த மாதம் நாசி லெமாக் பெண்கள் வந்து தேர்தலில் நில் என்றார்கள். ஜெயித்தால் ஐந்து வருடம் போக முடியாது, சுபாவிடமும் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் நின்றேன். ஒரு தொகுதியே என்னை இருக்கச் சொல்லட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அது சொல்லவில்லை. கொஞ்சம் பேர் சொன்னார்கள். சீராப் கொடுத்த அந்த அம்மாவும் ஒருவேளை சொல்லியிருப்பார்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது. இந்தப் பதினொரு நாளில் அது எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை.

விசா வந்துவிட்டது. சுபாவுக்குப் பிள்ளைப்பேறு செப்டம்பரில். ஆகஸ்ட் நடுவில் கிளம்புகிறேன். நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம். அங்கே நீயும் நானும் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்: உடம்பைப் பார்த்துக்கொள் என்று நான் சொல்வேன், நீ 'ம்' என்பாய். வீட்டுச் சாவியை நாசி லெமாக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

அக்கா


லெபு பாசார்
26 அக்டோபர்

அக்கா,

பேத்தியின் படத்தைச் சுபா அனுப்பியிருந்தாள். நெற்றி உன் நெற்றி. கனி அண்ணனிடம் காட்டினேன். "பரிந்துரைக்கிறோம்" என்றார்.

இங்கே செய்திகள் குறைவு. இஸ்ஸதி வென்ற பிறகு மன்றத்துக்கு வந்தாள். தன் வீட்டுப் பின்கட்டை இடித்துவிட்டதாகச் சொன்னாள். நீ எழுதிக் கொடுத்த அங்காடி லைசென்ஸ் மனுக்களைத் தேடி வாங்கிப் போயிருக்கிறாள். எட்டுப் பேருக்கு உரிமம் வந்துவிட்டது. நாசி லெமாக் பெண்கள் அதை உன் வெற்றி என்றுதான் சொல்கிறார்கள்.

மன்றத்தில் அந்த வழக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கனி அண்ணன் யோசித்தார். "வழக்கம் சரிதான் தம்பி. நீ எடம் மாத்திக் கேட்டுட்டே" என்றார். வழக்கம் அப்படியே இருக்கிறது.

ஞாயிறுகளில் கெலுகோர் போகிறேன். கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது. முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே திரும்பினேன். பிறகு அங்கேயே சமைக்க ஆரம்பித்தேன். இன்று கெம்போங் மீன். கடைக்காரன் எவ்வளவு என்று கேட்டான். ஒரு ஆளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கியதில் பாதியை நாசி லெமாக் கடையில் கொடுத்தேன். "ஓட்டுக்காண்ணே?" என்று கேட்டார்கள்.

உன் நாற்காலிக்கு எதிரே என் பழைய இடத்தில்தான் உட்கார்ந்தேன். குழம்பில் புளி கூடிவிட்டது. சொல்ல ஆள் இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் என் குரல் பெரிதாகக் கேட்டது. வானொலியைப் பற்றி நீ எழுதியது அப்போது புரிந்தது.

கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே இதை எழுத ஆரம்பித்தேன். இங்கே கேட்க வேண்டியதை இங்கே இருந்தே கேட்கிறேன். கையில் தாள் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. பதிலை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடவும் வழியில்லை. எனக்கு அடுத்த ஆள் கிடையாது.

எப்போது வருவாய், அக்கா?

புவன்